நிரந்தரக் குடியுரிமை என்று ஒன்று கிடையாது, பிள்ளைகளே!



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், ஊரில் இருக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். இது அவர்களைப் பற்றியது.

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன். பையன் என்ன, நாற்பது வயது. அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டான். அவன் அப்பாவுக்கு கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவரோ நிலத்தை விட்டுவிட்டு அங்கே இருக்க முடியாது என்று வந்தவர், வருடத்துக்கு ஒரு முறை போய் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பி விடுகிறார்.

"அது பரவாயில்லையாப்பா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒன்னும் ஆவாது டீச்சர். பர்மனென்ட்னு போட்டிருக்கான் இல்ல? வருஷத்துக்கு ஒருவாட்டி தலையைக் காட்டிட்டு வந்தா போதும்."

எதிர் இலையில் இருந்தவர், "எங்க மச்சானும் அப்படித்தான். ஆறு மாசத்துக்கு ஒருக்கா போய் ஸ்டாம்ப் அடிச்சிட்டு வந்துடுவார்" என்றார். இன்னொருவர் கனடா கதை சொன்னார். மற்றொருவர் சிங்கப்பூர் கதை சொன்னார். எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை: கார்டு ஒரு முறை கைக்கு வந்துவிட்டால் அது நம்முடையது, எத்தனை வருடம் ஒலக்கூரில் இருந்தாலும் அது காத்துக்கொண்டே இருக்கும்.

நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பந்தியில் பாடம் நடத்த முடியாது. ஆனால் 34 ஆண்டு கரும்பலகை முன்னால் நின்றவள், தப்பான விடையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் சொல்லில் இருக்கும் தப்பைத் திருத்துகிறேன். நம் பத்திரிகைகளும் டிவியும் பி.ஆர். என்பதை "நிரந்தரக் குடியுரிமை" என்று எழுதுகின்றன. குடியுரிமை என்றால் சிட்டிசன்ஷிப். பி.ஆர். என்பதில் இருப்பது ரெசிடென்ஸ், அதாவது வசிப்பது. இலங்கைத் தமிழர்கள் இதை "வதிவிட உரிமை" என்கிறார்கள். அதுதான் சரியான சொல். வதிவதற்கான உரிமை. அங்கே வதியவில்லை என்றால் அந்த உரிமைக்கு என்ன பொருள்?

குடியுரிமை வேறு. இந்தியாவில் பிறந்து இந்தியக் குடிமகனாக இருக்கும் ஒருவர் 40 ஆண்டு துபாயிலோ டல்லாஸிலோ இருந்தாலும், வேறு நாட்டுக் குடியுரிமையை வாங்காத வரை அவர் இந்தியர்தான். நம் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெறுகிறவர்தான் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார் என்கிறது. தூரமாக இருந்தார் என்பதற்காக அவரிடமிருந்து அதை யாரும் பறிப்பதில்லை. குடியுரிமை பெற்ற பிள்ளை மாதிரி. எங்கே போனாலும் பிள்ளைதான். வதிவிட உரிமை வாடகை வீடு மாதிரி. நான்கு வருடம் பூட்டிப் போட்டுவிட்டு வந்து "என் வீடு" என்றால் வீட்டுக்காரர் கேட்கத்தானே செய்வார்?

"அப்படியா, அவங்க சட்டம் ரொம்பக் கொடுமையா இருக்கே டீச்சர்" என்று சிலர் சொல்வீர்கள். அவசரப்படாதீர்கள். நம் சட்டமும் அதையேதான் செய்கிறது. அதைச் செய்த கைகளில் என் கையும் ஒன்று.

வேலையில் இருந்த காலத்தில் நான் பி.எல்.ஓ.வாக, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்தேன். பள்ளி விட்டதும் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவேன். "இந்தப் பெயர் உள்ளவர் இங்கேதான் இருக்காரா?" என்று கேட்பேன். "சென்னையில வேலை, ஆனா வீடு இங்கதானே இருக்கு, மேடம்" என்பார்கள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அங்கே சாதாரணமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் ஒருவர் அங்கே வசிக்கும் தகுதியை இழந்துவிட மாட்டார். வீடு இருந்தால் மட்டும் போதாது, தற்காலிகமாக வெளியே போனால் தவறில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் பாஸ்போர்ட் முகவரியில் வாக்காளராகப் பதிவு செய்ய 2010இல் சட்டத்தைத் திருத்தி 20ஏ என்று தனிப் பிரிவே சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால், ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இருந்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

போன நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வீட்டுக்கு வீடு படிவம் வந்தது நினைவிருக்கிறதா? அப்போது எத்தனை பேர் வெளிநாட்டிலிருந்து ஃபோன் செய்து "டீச்சர், என் பெயர் போயிடுமா?" என்று பதறினீர்கள்! சொந்த ஊரில் "நீ இங்கே வசிக்கிறாயா?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி என்று ஒத்துக்கொள்கிறோம். அதே கேள்வியை இன்னொரு நாடு கேட்டால் மட்டும் அது கொடுமையா?

இப்போது அமெரிக்கக் கணக்கைப் பார்ப்போம். நம் ஊர்ப் பேச்சில் ஓடுவது "ஆறு மாச ரூல்". அதில் பாதி உண்மை, பாதி புரளி.

கிரீன் கார்டை மட்டும் காட்டி உள்ளே நுழைய வேண்டுமானால், ஓர் ஆண்டுக்கும் குறைவாகத்தான் வெளியே இருந்திருக்க வேண்டும். அதுவும் தற்காலிகப் பயணமாக இருக்க வேண்டும். 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால், புதிதாக உள்ளே வரக் கேட்கும் ஆளைப் போல விசாரிக்கலாம். இது எண்ணிக்கை. எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது: உன் வீடு எது? 360 நாள் இங்கே இருந்துவிட்டு 5 நாள் அங்கே போய் வந்தால், எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் விடை தப்பு. அங்கே வீடு, வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, குடும்பம் எல்லாம் எங்கே இருக்கிறது, எதற்காக வெளியே போனார், எப்போது திரும்புவதாகத் திட்டமிட்டார் என்று மொத்தமாகப் பார்த்துத்தான் அவர்கள் முடிவு செய்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலையைக் காட்டினால் போதும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

கார்டில் பத்து வருடம் என்று தேதி போட்டிருக்கிறதே என்பார்கள். அந்தத் தேதி அட்டைக்கு. உரிமைக்கு அல்ல. தேதி முடிந்ததால் மட்டும் உரிமை போய்விடாது, தேதி மிச்சம் இருப்பதால் மட்டும் உரிமை நின்றுவிடவும் செய்யாது. ரேஷன் கார்டு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்பதற்காக, ஊரை விட்டுப் போனவருக்கு அரிசி உண்டு என்று ஆகிவிடுமா?

மற்ற நாடுகளும் இப்படித்தான், அளவு மட்டும் வேறு. கனடாவில் ஒவ்வொரு ஐந்து ஆண்டுக் காலத்திலும் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் காலவரையற்ற அனுமதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அது செத்துவிடும். ஆஸ்திரேலியாவில் நிரந்தர விசாவோடு பயண அனுமதி 5 ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு வெளியே போய்த் திரும்பி வர வேறு விசா கேட்க வேண்டும். சிங்கப்பூரில் வெளியே இருக்கும்போது மறுநுழைவு அனுமதி உயிரோடு இருக்க வேண்டும். அது முடிந்தும் புதுப்பிக்காமல் விட்டால் பி.ஆர். தகுதியே பறிபோகும். நிரந்தரம் என்ற சொல்லுக்கு ஓரளவு உண்மையாக நடந்துகொள்வது நியூசிலாந்து. அங்கே முதல் கட்டக் குடியிருப்பு விசாவைத் தாண்டி, நிரந்தரக் குடியிருப்பாளர் விசா வாங்கியவர் எத்தனை ஆண்டு வெளியே இருந்தாலும் திரும்பிப் போகலாம். மற்ற இடங்களில் அந்தச் சொல்லை நம்பி ஏமாறாதீர்கள்.

"நீங்க எப்படி டீச்சர் இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. எங்கள் மகன் 2022இல் வாங்கிக் கொடுத்தான். அவன் மேல் குறை சொல்ல மாட்டேன். ஒரே பிள்ளை. அப்பா அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். போனோம். நான்கு மாதம் இருந்தோம். பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன், தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு என் மாமியார் விழுந்துவிட்டார்கள். இடுப்பு எலும்பு முறிவு. வந்துவிட்டோம்.

அத்தைக்கு இப்போது 88 வயது. கட்டிலிலிருந்து இறங்க ஆள் வேண்டும். நான்தான் ஆள். அவர்தான் ஆள். இந்த வீட்டை விட்டு எங்கே போவது? ஆனால் மகன் சொன்னான், "கார்டை விட்டுடாதீங்கம்மா. வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க, போதும்." நாங்களும் செய்தோம். என் நாத்தனாரை ஒலக்கூருக்கு வரவழைத்து, அத்தையை ஒப்படைத்துவிட்டு, ஐந்து வாரம் போய் வருவோம். ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டும்போது அத்தை கட்டிலில் இருந்தபடி, "எப்ப கெளம்புறீங்க?" என்று கேட்பார்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்டதே இல்லை.

2024இல் நான் மட்டும் போனேன். அதற்கு முன் 11 மாதம் இங்கேதான் இருந்தேன். அங்கே விமான நிலையத்தில் அதிகாரி கார்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னை ஓர் அறைக்குள் போகச் சொன்னார். அங்கே வேறொருவர். மரியாதையாகத்தான் பேசினார். "எங்கே வசிக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"என் மகனோடு" என்றேன்.

"எத்தனை நாள் இருக்கப் போகிறீர்கள்?"

"இன்னும் முடிவு செய்யவில்லை" என்றேன்.

என் கைப்பையில் ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வர டிக்கெட் இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இது வசிப்பதற்கான அட்டை, சுற்றிப் பார்க்க வருவதற்கானது அல்ல. அடுத்த முறை கவனமாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே மகன் சிரித்துக்கொண்டு நின்றான். "என்னம்மா, ஓகேவா?" என்றான். ஓகே என்றேன். காரில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளைகளை நான் வெளியே நிற்க வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் சிலர் அப்படி நின்றவர்கள்தான். வீட்டுப் பாடம் எழுதாமல் "நோட்டு வீட்டுல இருக்கு டீச்சர்" என்றவர்களிடம், எழுதவில்லை என்று சொல், அடிக்க மாட்டேன், பொய் மட்டும் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறேன். அந்த டீச்சர் 63 வயதில் ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொன்னாள். எதற்காக? ஒரு பிளாஸ்டிக் அட்டைக்காக.

பிள்ளைகளே, இங்கேதான் உங்கள் மேல் எனக்குக் கோபம். கார்டு வாங்கிக் கொடுத்தது தப்பில்லை. அதைக் காப்பாற்றும் வேலையை அப்பா அம்மாவின் தலையில் வைக்கிறீர்களே, அது தப்பு. நீங்கள் ஆபீசில் இருப்பீர்கள். மேஜைக்கு முன்னால் நிற்பது அவர்கள். இங்கிலீஷ் தெரியாத, முழங்கால் வலிக்கிற, இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து கால் வீங்கிப் போன மனிதர்கள். அவர்களிடம், "கேட்டா இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்கப்பா" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். ஏர் ஓட்டின கையால் பொய்க் கையெழுத்துப் போட வைக்கிறீர்கள். பாசத்தால்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் பொய்தான்.

உங்கள் பதில்களும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"திரும்ப வாங்குறது கஷ்டம் டீச்சர், வேஸ்ட் பண்ணக் கூடாது." பிள்ளை 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனாக இருந்தால், பெற்றோருக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கார்டைத் தானாகத் திருப்பிக் கொடுத்தவருக்காக, பின்னால் உண்மையிலேயே அங்கே வந்து வாழ முடிவு செய்யும்போது, மறுபடியும் மனுப் போடலாம். பணம் செலவாகும், காத்திருக்க வேண்டும். ஆனால் கதவு பூட்டிப் போகாது.

"சீனியர் ஆனா மெடிக்கேர் கிடைக்கும் டீச்சர்." குடிமகனாகாத பெற்றோர் 65 வயதுக்கு மேல் மாதச் சந்தா கட்டி அதில் சேரலாம், உண்மைதான். அதற்கு 5 ஆண்டு தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். ஒலக்கூர் ஏரிக்கரையில் நடந்த நாட்கள் அதில் சேராது.

"அஞ்சு வருஷம் ஓட்டிட்டா சிட்டிசன் ஆயிடலாம்." அந்த 5 ஆண்டில் 30 மாதம் உடம்போடு அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு பயணம் ஓர் ஆண்டைத் தொட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். ஆறு மாதத்தைத் தாண்டினாலே, அறுந்ததாக வைத்துக்கொண்டு, அறவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். வருடத்துக்கு ஐந்து வாரம் போகிறவருக்கு 30 மாதம் சேர எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

"சும்மா வச்சிருந்தா என்ன நஷ்டம்?" நஷ்டம் இருக்கிறது. கார்டு இருக்கும் வரை அமெரிக்க வரிச் சட்டத்துக்கு நீங்கள் அங்கே வசிப்பவர்தான். உலகில் எங்கே வந்த வருமானமும் அந்தக் கணக்குக்குள் வரும். இந்திய வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடையை வங்கியில் போட்டு வைத்திருக்கும் எத்தனை ஆசிரியர்களுக்கு இது தெரியும்? "நான் அங்கே வசிப்பவன் இல்லை" என்று வரிக் கணக்கில் எழுதினால், அதுவே நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எல்லோரையும் கார்டைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. உண்மையிலேயே அங்கே வாழ்கிறவர்கள், அங்கே திரும்ப வேண்டியவர்கள், நோயாலோ சாவாலோ இங்கே மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அங்கிருந்து கிளம்பும் முன்பே ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதி கேளுங்கள். மனு போடும்போது அங்கே இருக்க வேண்டும், ஊருக்கு வந்துவிட்டுக் கேட்க முடியாது. சாதாரணமாக 2 ஆண்டுக்குக் கொடுப்பார்கள். உங்கள் கையில் இல்லாத காரணத்தால் ஆண்டு தாண்டிவிட்டதென்றால், தூதரகத்தில் எஸ்.பி.-1 என்ற திரும்பி வரும் குடியிருப்பாளர் விசாவுக்கு மனு செய்யலாம். மருத்துவமனைச் சீட்டுகளை, டிஸ்சார்ஜ் சம்மரியை, இறப்புச் சான்றிதழை எல்லாம் பத்திரமாக வையுங்கள்.

இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்: விமான நிலையத்தில் ஐ-407 என்ற படிவத்தை நீட்டி, உரிமையைக் கைவிடுகிறேன் என்று கையெழுத்து கேட்டால், விருப்பம் இல்லாவிட்டால் போட வேண்டியதில்லை. குடிவரவு நீதிபதியின் முன் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் கைவிட்டுவிட்டீர்கள் என்பதை அரசுதான் தெளிவான ஆதாரத்தோடு காட்ட வேண்டும். எத்தனை வயதான பெற்றோர், பயந்து, புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. கனடாவிலும் 730 நாள் குறைந்ததும் அந்த நொடியே தகுதி போய்விடுவதில்லை. அதிகாரி முடிவு எடுக்க வேண்டும், மனிதாபிமானக் காரணங்களைக் கேட்க வேண்டும், மேல்முறையீடும் உண்டு. நியாயமான காரணம் இருப்பவர்கள் பயப்படாதீர்கள். நல்ல வக்கீலைப் பாருங்கள்.

நாடுகள் மேல் எனக்குக் கோபமே இல்லையா? உண்டு. பிரிட்டனில் 2018இல் வெளியே வந்த விண்ட்ரஷ் விவகாரத்தைப் படித்துப் பாருங்கள். சிறு பிள்ளையாகக் கரீபியன் தீவுகளிலிருந்து வந்து, அங்கேயே படித்து, வேலை செய்து, வரி கட்டி முதுமை அடைந்தவர்களை, காகிதம் எங்கே என்று கேட்டுத் துரத்தினார்கள். உறவினர் சாவுக்குப் போய்விட்டுத் திரும்ப முடியாமல் நின்றவர்களும் அதில் உண்டு. அவர்கள் வாழ்க்கையே அங்கேதான் இருந்தது. வாழ்ந்தவரைத் துரத்துவது அநியாயம். அதற்காகச் சண்டை போடலாம். வாழாத நாம் அவர்கள் வரிசையில் போய் நின்றுகொள்வது எந்த விதத்தில் நியாயம்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்துக்கே வாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு முகாம் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள். 1983க்குப் பிறகு படகேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தமிழ்நாட்டில் இப்படிப் பல முகாம்களில் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, நம் பள்ளிக்கூடங்களில் அதே பாடப் புத்தகத்தைப் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, பேரப் பிள்ளை கண்டவர்கள். பெரும்பாலோருக்கு இன்றும் குடியுரிமை இல்லை, நிரந்தர வதிவிட உரிமை என்ற காகிதமும் இல்லை.

அவர்களுக்கு முன்னால் மலையகத் தமிழர்கள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கை பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் பாதிப் பாதி பிரித்தார்கள்.

வசித்தும் உரிமை கிடைக்காதவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நாமோ உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு வசிக்காமல் இருக்கிறோம். அதையும் விட மனம் இல்லை.

இப்போது எங்கள் முடிவைச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு மகன் ஃபோன் செய்தபோது, கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று சொன்னேன். அவனுக்குக் கோபம். "எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினேன் தெரியுமாம்மா? நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒன்னுன்னா?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. விசிட்டர் விசா கேட்டால் கொடுப்பார்கள் என்று உறுதி கிடையாது. பேத்தியை அடுத்த வருடம் பார்க்க முடியாமல் போகலாம். என் வீட்டுக்காரருக்கும் முழு மனது இல்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் காலையில், "அம்மாவை விட்டுட்டு இன்னொரு தடவை என்னால பெட்டி கட்ட முடியாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஐ-407 படிவத்தை இந்த முறை நாங்களே நிரப்பிவிட்டோம். யாரும் பயமுறுத்திக் கேட்டு அல்ல. கார்டோடு சேர்த்துத் தபாலில் அனுப்பினால் போதும். கவர் மேஜை மேல் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அனுப்புகிறோம்.

எனக்கு ஓய்வூதியம் நிற்காமல் வர வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். அதை நான் சந்தோஷமாகச் செய்கிறேன், ஏனென்றால் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறேன். கிரீன் கார்டுக்கு நிரூபிக்க வேண்டியது, அங்கே வாழ்கிறேன் என்பதை. அதை நிரூபிக்க என்னிடம் உண்மை இல்லை.

பிள்ளைகளே, இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஃபோன் போட்டு, "நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?" என்று கேளுங்கள். கார்டைப் பற்றிப் பேசாதீர்கள். அவர்கள் சொல்லும் ஊரை வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற காகிதத்தைத் தேடுங்கள். அங்கே என்றால் முழுசாகக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், குடிமக்கள் ஆக்குங்கள். இங்கே என்றால் விட்டுவிடுங்கள், நீங்கள் வந்து பாருங்கள். ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்து அவர்களை நிற்க வைக்காதீர்கள். அந்த வயதில் விழுந்தால் இடுப்பு எலும்புதான் முறியும். எங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னூட்டத்தில் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். எழுத்துப் பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஒலக்கூர்.